மூடி மறைத்த கறள்

தமிழகத்தார் துரு என்று சொல்வதை ஈழத்தார் கறள் என்பர். பெயர் எதுவாயினும் அதன் தொழில் ஒன்றே. இரும்பைத் தின்பதே அத்தொழில். அதனையும் ஆரவாரமின்றி, கண்ணுக்குப் படாத மூலைகளில் இருந்தவாறே செய்து முடிப்பது அதன் வழக்கம்.

பிரித்தானியாவில் வாழும் நம்மவரிற் சிலர் பழைய லாண்ட் றோவர் ஒன்றை வாங்கி வீட்டுக் கராஜில் வைத்துத் திருத்தியெடுக்க ஆசைப்படுவதுண்டு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பாதைகளிலும் அரசாங்கத் திணைக்கள வாசல்களிலும் சிறு வயதிற் கண்ட வண்டி அது. ஏறி அமர வாய்க்காத வண்டியைப் பின்னாளில் சொந்தமாக்கிக் கொள்வதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. ஆசை நல்லதே. ஆனால் அவ்வண்டியை வாங்குபவர் எஞ்சின் ஓசையைக் கேட்டும், பச்சைப் பெயின்றின் பளபளப்பைப் பார்த்தும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். வண்டி பாதுகாப்பானதா என்பதற்கு இவ்விரண்டும் சாட்சியல்ல. வெளியே தெரியும் கறளால் லாண்ட் றோவர் வீணாவது குறைவு. மூடி மறைத்த கறளே அதனை வீணாக்குகிறது. அதில் ஏறிச் செல்வோரின் உயிருக்கும் உலை வைக்கிறது.

அலுமினிய உடலும் இரும்பு எலும்பும்

இரண்டாம் உலகப் போர் முடிந்து, பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு நடந்துகொண்டிருந்த காலம். றோவர் நிறுவனத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த மொறிஸ் வில்க்ஸ், வேல்சின் அங்கில்சித் தீவில் இருந்த தமது பண்ணையிலே போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டி வந்தார். அது பழுதானால் அதற்கு ஈடான வேறு வண்டி கிடைக்காது என்ற நிலையிலேயே, அத்தகைய வண்டி ஒன்றைத் தாமே செய்யும் எண்ணம் 1947 இல் உருவாயிற்று. 1948 ஏப்ரில் 30 ஆம் திகதி அம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் முதலாவது லாண்ட் றோவர் வைக்கப்பட்டது. அதன் முதல் வரிசை 1958 வரையும், இரண்டாவது வரிசையும் அதன் திருத்திய வடிவமும் 1971 வரையும், மூன்றாவது வரிசை 1985 வரையும் வெளிவந்தன. அவற்றின் வழிவந்த டிஃபெண்டர் வண்டியின் கடைசி உருப்படி 2016 சனவரி 29 இல் சொலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது.

உருக்குத் தட்டுப்பாட்டினால் வெளித்தகடுகள் பேமாபிறைட் என்னும் அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்யப்பட்டன. அலுமினியம் கறள் பிடிப்பதில்லை. ஆகவே ஐம்பது அறுபது ஆண்டு சென்ற வண்டியும் வெளிப்பார்வைக்கு மிடுக்காகவே நிற்கும். இதுவே வாங்குபவரை ஏமாற்றுவது. பாரமெல்லாம் தாங்குவது அலுமினியம் அன்று. தட்டையான உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல ஒட்டிச் செய்த நீண்ட அடிச்சட்டமே அதனைத் தாங்குகிறது. எஞ்சினுக்கும் முன்னிருக்கைக்கும் நடுவே நிற்கும் தடுப்புச் சுவரும் உருக்கே. ஸ்பிறிங், ஸ்ரியறிங், பிறேக், இருக்கை யாவும் முடிவில் இவ்விரண்டிலுமே தொங்குகின்றன. தோல் நலமாக இருக்க எலும்பு உளுத்துப்போகும் நோயாளியை ஒத்தது இவ்வண்டி.

கறள் பிறக்கும் விதம்

இரும்பு கறள் பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும். இரண்டில் ஒன்றை விலக்கினால் கறள் இல்லை. உப்பு இவ்வேலையைப் பன்மடங்கு விரைவாக்கும். யாழ்ப்பாணத்துக் கடலோர வீடுகளில் யன்னற் கம்பிகள் சில ஆண்டுகளுக்குள் உதிர்வதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் கடல் ஐம்பது மைலுக்கு அப்பால் இருந்தாலும், மாரிகாலத்தில் உப்பு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. செஷயர் மாவட்டத்தின் வின்ஸ்ஃபோர்ட் போன்ற சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் கல்லுப்பைப் பனிக்கட்டி உறையாதிருக்கத் தெருவெங்கும் தூவுகிறார்கள். சில்லுகள் அதனைச் சேற்றோடு வாரி அடிச்சட்டத்தின் துளைகளுக்குள் எறிகின்றன.

உப்புக்கு மற்றொரு குணமும் உண்டு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே நீரை உறிஞ்சிக் கரையும். எனவே மழை பெய்யாத நாளிலும் உப்புப் படிந்த இரும்பு நனைந்தபடியே இருக்கும். உப்பு நீரோடு வந்த வண்டியைக் கழுவாமல் வெப்பமூட்டிய கராஜினுள் நிறுத்துவது அன்பினாற் செய்யும் தீங்காகும். குளிரிலும் பார்க்கச் சூட்டிலே கறள் விரைவாக வளரும்.

தோன்றிய கறள், அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் இடத்தில் அது புகுந்தால் ஆப்பு வைத்தாற்போல அவற்றைப் பிரித்துவிடும். பிரிந்த இடைவெளியில் மேலும் நீர் புகும்.

அலுமினியமும் உருக்கும் தொடும் இடங்களில் வேறொரு கேடு நிகழும். உப்புநீர் நடுவே இருந்தால் இரண்டும் சேர்ந்து சிறு பற்றரி போலாகும். அதில் அலுமினியமே தன்னை இழந்து வெண்பொடியாக உதிர்கிறது. கதவுகளின் அடிப்பகுதியில் பெயின்ற் கொப்பளித்திருந்தால் அதன்கீழ் இருப்பது இதுவே. கறள் பிடிக்காத உருக்குப் போல்ற்றுகளை நேரடியாக அலுமினியத்தில் முறுக்கினாலும் இக்கேடு விளையும். இடையே நைலோன் வளையமோ, ஈரம் புகவிடாத பசையோ இருத்தல் வேண்டும்.

தட்டிப் பார்த்தல்

1761 ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் லெயோபோல்ட் அவுன்புறுக்கர், நோயாளியின் நெஞ்சை விரலாற் தட்டி, ஓசையைக் கொண்டு உள்ளே நீர் தேங்கியுள்ளதா என்று அறியும் முறையை நூலாக வெளியிட்டார். இன்றும் மருத்துவ மாணவர் முதலாண்டுகளிற் பழகும் முறை அது. லாண்ட் றோவர் வாங்கச் செல்பவருக்கும் அதனினும் சிறந்த முறை கிடையாது. சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தை நெடுகத் தட்டிச் சென்றால் நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். உளுத்த இரும்பு மரப்பலகையைத் தட்டினாற்போல மந்தமாக ஒலிக்கும். சில இடங்களிற் சுத்தியலே உள்ளே போய்விடும்.

முதலிற் பார்க்கவேண்டிய இடங்கள் இவை. வண்டியின் பின்னால், இழுவைக் கொக்கி பூட்டும் குறுக்குச் சட்டம். அடிச்சட்டத்திலிருந்து இருபுறமும் நீண்டு உடலைத் தாங்கும் பக்கக் கைகள். ஸ்பிறிங் தகடுகள் பூட்டியிருக்கும் கொளுவிடங்கள். பெற்றோல் தாங்கியின் மேற்புறம். தடுப்புச் சுவரில் ஓட்டுநர் கால் வைக்கும் குழிகளும், கதவுப் பிணைச்சல் தாங்கும் தூண்களின் அடியும். பிறேக் எண்ணெய் செல்லும் மெல்லிய உருக்குக் குழாய்கள். இவை ஒவ்வொன்றும் சேறு தங்கி உலராத இடங்களே.

பெட்டிச் சட்டத்தின் உட்புறத்தைத் தட்டி மட்டும் அறிய இயலாது. கைத்தொலைபேசியோடு இணைக்கக்கூடிய மெல்லிய கமெராக்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. அடிச்சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் நீர் வடியும் துளைகள் வழியே அதனைச் செலுத்தி உள்ளே பார்த்துவிடலாம். அடிச்சட்டத்தின் தகடு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பே உடையது. அதிற் பாதி போனபின்னும் வெளியே பெயின்ற் உரியாமல் இருக்கக்கூடும்.

புதிதாகக் கறுப்புத் தார் பூசிய அடிப்பாகம் கண்டால் மகிழ்வதைவிட ஐயப்படுவதே நன்று. தார்ப்பூச்சு நாளடைவிற் காய்ந்து வெடிக்கும். வெடிப்பினூடே புகுந்த உப்புநீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். நாற்றமெடுக்கும் புண்ணைக் கழுவாமல் இறுகக் கட்டுப் போட்டதற்கு ஒப்பானது அது. கட்டுக் காய்ந்த வெள்ளைத் துணியாகத் தோன்றும். கீழே சீழ் பரவும். விற்பனைக்கு முதல்நாள் பூசிய தார் பெரும்பாலும் விற்பவருக்கே பாதுகாப்பு, வாங்குபவருக்கு அன்று.

வெட்டிய பின்னரே ஒட்டுதல்

துளை விழுந்த இடத்தின்மேல் தகடு ஒன்றை வைத்து ஒட்டிவிடுவது எளிது. ஆனால் அது திருத்தம் ஆகாது. கெட்ட இரும்பு உள்ளேயே இருக்கும். அதன் விளிம்போடு ஒட்டிய புதுத் தகட்டுக்குப் பிடிமானமும் இராது. இரண்டுக்கும் இடையே நீர் தேங்கப் புதியதோர் அறை கிடைக்கும். சத்திரசிகிச்சை செய்பவர் அழுகிய தசையை இரத்தம் ஓடும் நல்ல தசை தெரியும்வரை வெட்டுவது போல, கறளையும் பளிச்சென்ற நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுக்கவேண்டும். அதன்பின் அதே தடிப்பிலோ சற்றுக் கூடியதாகவோ புதுத் தகடு வைத்து, விட்டு விட்டுப் புள்ளியாக ஒட்டாமல், சுற்றிவரத் தொடர்ச்சியாக ஒட்டவேண்டும். பாரந் தாங்கும் இடங்களைக் கண்ணாடிநார்ப் பசையாலோ நிரப்புப் பசையாலோ அடைப்பது கூடவே கூடாது.

வெல்டிங் பழகாதவர் கற்றுக்கொள்ளும் முதல் இடமாகப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் அடிச்சட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாகாது. கழற்றுதல், சுரண்டுதல், பெயின்ற் பூசுதல் அனைத்தையும் வீட்டிற் செய்து, ஒட்டு வேலைக்கு மட்டும் தொழில் தெரிந்தவரை அழைப்பது அறிவுடைமை. அழைக்குமுன் பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே தூரத்தில் வைக்கவேண்டும். பற்றரியின் தொடுப்பையும் நீக்கவேண்டும். பழைய மெழுகும் தாரும் தீப்பற்றும் ஆதலால் ஒட்டும் இடத்தைச் சுற்றி அவற்றைச் சுரண்டி அகற்றவேண்டும்.

அடிச்சட்டம் பல இடங்களில் உளுத்திருந்தால் முழுவதையும் மாற்றுவதே முடிவில் மலிவு. உருகிய நாகத்திலே, ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில், முழுதாகத் தோய்த்தெடுத்த புதிய அடிச்சட்டங்கள் விற்பனைக்கு உண்டு. தோய்க்கும்போது நாகம் பெட்டியின் உட்புறமும் புகுந்து படிவதே இதன் சிறப்பு. அப்படிவு தலைமயிர் ஒன்றின் தடிப்பளவே இருக்கும். எனினும் கீறல் விழுந்த இடத்தில் நாகம் முதலில் தன்னைக் கரைத்து இரும்பைக் காக்கும். முன்பிருந்த அதே அமைப்பிலான சட்டத்தையே பூட்டவேண்டும். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தவும் வேண்டும். வண்டியின் பழைய பதிவு எண் நிலைப்பதற்கு இவை தேவைப்படும்.

பூசுமுன் செய்யவேண்டியவை

கறள் காப்பில் பூசும் பொருளுக்கு உள்ள பங்கு சிறிது. பூசுமுன் செய்யும் ஆயத்தத்துக்கு உள்ள பங்கே பெரிது. முதலில் சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்கவேண்டும். பின்னர் கம்பித் தூரிகையாலும் சுரண்டியாலும் உதிரும் கறள் அனைத்தையும் நீக்கவேண்டும். அதன்பின் நல்ல தண்ணீரால், வெந்நீராயின் மேலும் நன்று, பலமுறை கழுவவேண்டும். கறள் தின்ற குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். கழுவாமற் பூசினால் அவ்வுப்பு எந்த விலையுயர்ந்த பெயின்றையும் உள்ளிருந்து கிளப்பிவிடும். கழுவியபின் முற்றாக உலரவைத்து அன்றைக்கே முதற்பூச்சுப் பூசுதல் வேண்டும். ஓரிரவு ஈரக்காற்றில் விட்டாலே மெல்லிய செம்படலம் மீண்டும் தோன்றிவிடும்.

குழிகளில் எஞ்சும் கறளை மாற்றும் திரவங்கள் கடைகளில் உண்டு. சில பொசுபோரிக் அமிலம் கொண்டவை. அவை கறளை இரும்புப் பொசுபேற்று ஆக்கும். வேறு சில தனிக் அமிலம் கொண்டவை. அவை பட்ட இடம் நீலங்கலந்த கறுப்பாகும். கடுக்காய்ச் சாற்றில் தோய்த்த துணியிலே இரும்பும் வெல்லமும் ஊறிய நீரைத் தீட்டிக் கலங்காரிக் கலைஞர் கறுப்பு வரைவதும் இதே இரசாயனம்தான். ஆயினும் இத்திரவங்கள் மெல்லிய கறளுக்கே ஏற்றவை. அடுக்கடுக்காகப் பெயரும் கறளின்மேல் இவற்றைப் பூசுவதும் மூடி மறைத்தலே.

இரும்பின்மேல் நாகம் செறிந்த பிறைமரோ எப்பொக்சிப் பிறைமரோ, அதன்மேல் இரண்டு முறை அடிச்சட்டப் பெயின்றோ பூசலாம். ஓரங்களிலும் ஒட்டுத் தையல்களிலும் பெயின்ற் மெலிதாகவே நிற்கும் ஆதலால் அவற்றுக்குத் தூரிகையால் ஒருமுறை மேலதிகமாகத் தீட்டவேண்டும். பெயின்ற் நன்றாகக் காய்ந்தபின், பெட்டிச் சட்டத்தின் உட்புறத்துக்கு மெழுகு. மெழுகு அடைத்த பேணியை வெந்நீர் வாளியில் வைத்து இளக்கி, நாற்புறமும் தெளிக்கும் நீண்ட குழாயால், வெயிலுள்ள ஒரு நாளில் துளைகள் வழியே செலுத்தவேண்டும். இளகிய மெழுகு தகடுகளின் இடுக்குகளுக்குள் ஊர்ந்து செல்லும். தார் போல அது வெடிப்பதில்லை; சிறு கீறலைத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் ஆண்டுகள் செல்லக் கழுவுண்டு போகும் ஆதலால் புதுப்பித்தல் அவசியம்.

இறுதியாக, நீர் வடியும் துளைகளை ஒரு கம்பியாற் குத்தித் திறந்துவிடவேண்டும். மெழுகை அள்ளிப் பூசிய உற்சாகத்தில் இத்துளைகளை அடைத்துவிடுபவர், வண்டியின் உள்ளே சிறு கிணறு ஒன்றைக் கட்டிவைத்தவர் ஆவார்.

திருத்துபவரின் உடல்

வண்டி கறள் பிடியாதிருக்கத் திருத்துபவர் தம் கண்ணைக் கொடுக்கவேண்டியதில்லை. கிறைண்டரிலிருந்து தெறிக்கும் இரும்புத் துகள் கருவிழியில் ஒட்டினால் அங்கும் சில மணி நேரத்துள் கறள் பிடிக்கத் தொடங்கும். துகளை எடுத்தபின்னும் அதைச் சுற்றி மண்ணிறக் கறள் வளையம் தங்கிவிடுவதுண்டு. அதனைக் கண் மருத்துவரே அகற்றவேண்டியிருக்கும். கசக்குவதும், கைக்குட்டை முனையால் துடைத்தெடுக்க முயல்வதும் காயத்தை ஆழமாக்கும். சுத்தியலடிக்கும்போதோ கிறைண்டர் பிடிக்கும்போதோ ஏதேனும் கண்ணிற் பட்டுப் பார்வை மங்கினால், நோ இல்லாவிட்டாலும், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும். விழிக்குள்ளே புகுந்த இரும்பு, காலஞ் செல்லப் பார்வையையே அழிக்கவல்லது. பின்னாளில் எம்.ஆர்.ஐ. காந்தப் படம் எடுக்க நேர்ந்தால், கண்ணில் எப்போதேனும் உலோகத் துகள் பட்டதுண்டா என்று கேட்பார்கள், மறவாமற் சொல்லவேண்டும். இத்தனை தொல்லைக்கும் மாற்று, பக்கங்களும் மூடிய ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. அதன்மேல் முகம் முழுவதையும் மறைக்கும் தகடும் இருந்தால் இன்னும் நன்று.

வெல்டிங் ஒளியை வெறுங்கண்ணாற் பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரங் கழித்து, பெரும்பாலும் இரவில், மணல் கொட்டியது போலக் கண் கரிக்கும், நீர் வடியும், வெளிச்சம் பொறுக்காது. ஓரிரு நாளில் அது ஆறிவிடுமாயினும் மருத்துவரிடம் காட்டவேண்டும். கராஜ் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளின் கண்களும் இதற்கு விலக்கல்ல.

நாகம் பூசிய இரும்பை ஒட்டும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்கு அன்று மாலை குளிரும் காய்ச்சலும் உடல்நோவும் வருவதுண்டு. மலேரியா கண்டவர் அதுவே மீண்டும் வந்ததென்று மயங்குமளவுக்கு உடல் நடுங்கும். ஒன்றிரண்டு நாளில் அது தணியும். பால் குடித்தால் புகை தாக்காது என்று தொழிலாளரிடையே ஒரு நம்பிக்கை உண்டு, அதற்கு ஆதாரமில்லை. ஒட்டும் இடத்தில் நாகத்தைச் சுரண்டி நீக்குவதும், காற்றோட்டமான வெளியிடத்தில் உரிய முகமூடியுடன் வேலை செய்வதுமே காப்பு. மூச்சுத் திணறல் கண்டால் அதனைச் சாதாரண காய்ச்சலென விட்டுவிடலாகாது.

கறள் பிடித்த ஆணி குத்தினால் ஏற்புவலி வரும் என்பது பலரும் அறிந்த எச்சரிக்கை. நோயைத் தருவது கறளன்று. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியின் வித்துகளே. வயலிலும் தொழுவத்திலும் உழைத்த வண்டியின் அடியில் அவை தாராளமாக இருக்கும். ஆழ்ந்த சிறு துளைக் காயமே அவற்றுக்கு வாய்ப்பானது. பிரித்தானியாவில் 1961 முதல் இதற்கான தடுப்பூசி குழந்தைகளுக்குத் தேசிய அளவில் வழங்கப்படுகிறது. பிற நாட்டில் வளர்ந்த பலருக்கு ஐந்து முறையும் ஊசி போட்டதற்கான குறிப்பு இருப்பதில்லை. வேலை தொடங்குமுன் குடும்ப மருத்துவரிடம் கேட்டுத் தெளிவதே முறை.

பிரித்தானியாவில் வெள்ளைக் கன்னார் 1999 இல் தடைசெய்யப்பட்டது. கன்னார் என்பதும் அஸ்பெஸ்ரோஸ் என்பதும் ஒன்றே. அதற்கு முற்பட்ட பிறேக் கட்டைகளிலும் கிளச் தட்டுகளிலும் அது இருக்கலாம். பிறேக் உருளையைக் கழற்றியதும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுவது பழைய வழக்கம். அது தவறான வழக்கம். நனைத்த துணியாலே துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி, உள்ளூராட்சி மன்றம் சொல்லும் முறைப்படி அகற்றவேண்டும். இன்று சுவாசித்த நாரின் கணக்கை நெஞ்சு முப்பது நாற்பது ஆண்டு கழித்தும் கேட்கும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும் ஆதலால் உலர்ந்தபடி உரசாமல் நனைத்து உரசவேண்டும். வேலை உடுப்போடு வீட்டினுட் சென்று குழந்தையைத் தூக்குவதும் ஆகாது. ஐசோசயனேற்று கலந்த இருபகுதிப் பெயின்ற் வகைகளை வீட்டில் ஸ்பிறே செய்தலும் கூடாது. ஆஸ்துமாவை உண்டாக்கும் தொழிற்பொருள்களில் அது முன்னணியில் நிற்பது.

இவை அனைத்தினும் விரைவாகக் கொல்வது வண்டியின் பாரமே. ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட எடையை ஜாக் ஒன்றின்மேல் மட்டும் நிறுத்தி எவரும் அடியிற் புகலாகாது. ஜாக் உயர்த்துவதற்கே, தாங்குவதற்கு அன்று. சமதரையில், உறுதியான தாங்குகால்களை அடிச்சட்டத்தின் நல்ல இரும்பின் கீழோ அச்சின் கீழோ வைத்து, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தள்ளி அசைத்துப் பார்த்தபின்னரே புகவேண்டும். உளுத்த சட்டத்தின்கீழ் வைத்த தாங்குகால் அதனைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். வண்டி கீழே வரும். வீட்டில் யாரேனும் இருக்கும் வேளையில் வேலை செய்வதும், மணிக்கொருமுறை அவர்கள் வந்து குரல் கொடுப்பதும் நல்ல வழக்கங்கள்.

பார்க்க ஆளில்லாத வண்டி

பிரித்தானியாவில் 1960 இல் தொடங்கிய எம்.ஓ.ரி. என்னும் ஆண்டுச் சோதனை, கறளால் வலுவிழந்த வண்டிகளைத் தெருவிலிருந்து விலக்கப் பெரிதும் உதவியது. 2018 மே மாதம் முதல், 40 ஆண்டு கடந்த, பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு அச்சோதனை கட்டாயமில்லை. பழைய லாண்ட் றோவர் வைத்திருப்பவர்கள் இதனைச் சலுகையாகவே கருதுகிறார்கள். ஆனால் வண்டி தெருவில் ஓடத் தகுதியாக இருக்கவேண்டும் என்ற சட்டக் கடமை அப்படியே இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை வண்டியின் அடியைப் பார்த்த ஓர் அந்நியரின் கண் மட்டுமே இல்லாமற் போயிற்று. ஆகவே கட்டாயமில்லாவிடினும் தாமாகவே விரும்பி ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுசெல்வது பொறுப்புள்ளவர் செய்யும் செயல். தாம் பூசிய பெயின்றைத் தாமே சோதிப்பவருக்குக் குறை தெரிவது அரிது.

ஆண்டு வேலைகளுக்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். மாரி முடிந்து தெருவில் உப்புத் தூவுவது நின்றதும், பங்குனி சித்திரையில், அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவி உலரவிடவேண்டும். கோடை வெயிலில் சுத்தியலும் விளக்கும் கொண்டு அடிச்சட்டத்தைச் சோதித்து, உரிந்த பெயின்றைத் திருத்தவேண்டும். புரட்டாதியில், குளிர் வருமுன், மெழுகைப் புதுப்பித்துத் துளைகளைத் திறந்துவிடவேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சனிக்கிழமைப் பொழுதில் முடியும் வேலை.

இன்னொரு பழக்கமும் இன்றியமையாதது. தகடு ஒன்றை ஒட்டி மூடுமுன் உள்ளே இருந்த நிலையைப் படம் எடுத்து, எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை மில்லிமீற்றர்த் தகடு வைக்கப்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்கவேண்டும். மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலடியிலே குறிப்பேடு தொங்குவதன் நோக்கமும் இதுவே. நாளைக்கு வேறொரு மருத்துவர் வருவார். முன்னவர் செய்ததை அவர் ஊகிக்க வேண்டியதில்லை.

லாண்ட் றோவர் நெடுங்காலம் உழைக்கும் வண்டி. திருத்தியவரின் காலத்துக்குப் பின்னும் அது ஓடும். அன்றைக்கு அதனை வாங்கி மனைவி மக்களை ஏற்றிச் செல்லப் போகிறவர் அறிமுகமில்லாத ஒருவர். பெயின்றின் அடியில் என்ன இருக்கிறதென்று அவர் அறிய, திருத்தியவர் விட்டுச்சென்ற கொப்பி ஒன்றே வழி. விற்கும்போது திறப்போடு அந்தக் கொப்பியையும் அவர் கையிற் கொடுத்துவிடவேண்டும்.